மாப்பிள்ளை இல்லாத கல்யாண வீடியோ

"அவன் மூஞ்சி ஒரு எடத்துலகூட இருக்கக் கூடாது. வெட்டிப் போடணும் தம்பி."

ஷாஹித் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். பிள்ளையார்பாளையத்தில் அவன் கம்ப்யூட்டர் கடைக்கு எரிச்சலோடு வருகிறவர்கள் உண்டு. கொலைக்கு ஆள் கேட்பதுபோல் வந்து நின்றவள் இவள்தான்.

"யாரைக்கா?"

"தினகரனை. கோர்ட்டுல தீத்துக்கினு போனானே, என் புருஷன்னு ஒருத்தன்."

அம்சா ஒரு பழைய லேப்டாப்பையும் பென்டிரைவையும் மேஜைமேல் வைத்தாள். பட்டுக்குச் சாயம் போடுகிற கை. நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்பு ஏறிக் கிடந்தது. லேப்டாப், அவள் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பென்டிரைவில் இருந்தது அவளுடைய கல்யாண வீடியோ.

"தீர்ப்பு வந்த அன்னிக்கு, கோர்ட்டு வாசல்ல நாலு பேரை வெச்சிக்கினு சிரிச்சான்பா. 'நான் வுட்டா உன்னை எவன் கண்ணெடுத்துப் பாக்கப்போறான்'னு கேட்டான். அவனுக்கு இதை அனுப்பணும்."

"குடுக்கா, நானே வெட்டித் தரேன்."

"நீ வெட்டினா என் வயித்தெரிச்சல் அடங்குமா? என் கையாலதான் வெட்டணும். இந்தப் பொட்டியில ஓடற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் குடு."

ஷாஹித் லேப்டாப்பைத் திறந்தான். நாலு ஜிபி ராம். எதையும் தொடுவதற்கு முன்பே உள்ளே விசிறி இரைய ஆரம்பித்தது.

"ஸ்டுடியோக்காரங்க வெச்சிருக்கறதைப் போட்டா இது அங்கியே படுத்துடும்கா. ஓசியில ஒண்ணு இருக்குது. ஆனா வீடியோ மேல அவன் கம்பெனி பேரை முத்திரை குத்தி வுட்ருவான்."

"எவன் பேரும் என் மேல வேணாம். ஒருதடவ பட்டது போதும்."

"அப்போ இந்தச் சின்னதுதான். ஆளை மட்டும் பேத்து எடுக்கற வித்தையெல்லாம் இதுக்குத் தெரியாது. நடுவுல வெட்டலாம், ஓரத்தை நறுக்கலாம். அவ்ளோதான்."

"ஓரம்தான் எனக்கு வேணும். போடு."

ஏற்றி முடித்து வீடியோவைத் திறந்தான். மணமேடையில் வலப்பக்கம் தினகரன், நடுவில் அம்சா. இடது ஓரத்தில் வேர்வையில் நனைந்த சட்டையோடு ஒருவன் லைட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

திரையின் ஓரக் கோட்டை இழுத்து நறுக்குவது எப்படி என்று ஷாஹித் ஒருமுறை காட்டினான். அடுத்த நொடி மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள் அம்சா. தினகரனின் தோள் போயிற்று, காது போயிற்று, மூக்கு போயிற்று.

"ஒழிஞ்சான்!" என்று பல்லைக் கடித்தாள்.

"இந்தப் பக்கம் லைட்காரன் தலை வேற இடிக்குது பாரு. இதெல்லாம் ஸ்டுடியோவுலயே நறுக்கியிருக்கணும்." ஷாஹித் மவுஸுக்குக் கை நீட்டினான்.

அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. "அதைத் தொடாத."

"அட, லைட்டு புடிக்கவே தெரியாத ஆளுக்கா அவன். மாப்பிள்ளை மூஞ்சியில இருட்டு. வெளிச்சம் பூரா உம்மேலயே அடிச்சிக்கினு நிக்கறான்."

லேப்டாப் திக்கித் திணறி வீடியோவை வெளியே தள்ளியதும், அம்சா அதைப் போனில் ஏற்றினாள். என்னவோ சேர்த்து, தினகரன் நம்பருக்குத் தட்டிவிட்டாள். இரண்டு நீலக் குறி விழும்வரை கண்ணை எடுக்கவில்லை.

ஷாஹித்துக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளையே இல்லாத கல்யாணம். இதைப் பாத்து அவனுக்கு என்னாக்கா புரியும்?"

அம்சா லேப்டாப்பை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"கல்யாணப் பத்திரிகையும் சேத்துதான் அனுப்பியிருக்கேன். இந்தத் தடவ லைட்டு புடிச்சவருதாம்பா மாப்பிள்ளை!"