முடிவைச் சொன்னவள்

காபியா டீயா என்று கலாமணி கேட்டாள்.

"ஏதோ ஒண்ணு," என்றாள் அவள்.

எது வந்தது என்று பார்க்கவில்லை. குடித்துவிட்டாள். குடித்த பிறகும் தெரியவில்லை.

சிங்காநல்லூரில் கலாமணி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோழிகள் இப்படிக் கூடுவார்கள். படித்ததைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் புத்தகத்தை வலப்பக்கம் இருப்பவளிடம் கொடுத்துவிட வேண்டும். கதையின் முடிவைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது. விட்டவள் அடுத்த மாதம் எல்லோருக்கும் பணியாரம் சுட்டுக்கொண்டு வர வேண்டும்.

கணவர் கந்தவேல் தவறிப்போன பிறகு அவள் இங்கே வருவது இதுதான் முதல் முறை.

கடைசி முறையும் இதுதான். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

முன்பு வாங்கிப் போன இரண்டு புத்தகங்கள் பையில் இருந்தன. அவற்றைக் கொடுத்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம். எழுத்து கண்ணில் படுகிறது. உள்ளே போகமாட்டேன் என்கிறது. படிக்காதவளுக்கு இங்கே என்ன வேலை?

ஜெசிந்தா ஒரு சமையல் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். நாவல் நாவலாக விழுங்குகிறவள் ஊறுகாயைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியது கூத்துதான். கலாமணி பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தாள். காக்காயையும் மைனாவையும் தவிர அவளுக்கு எதையும் அடையாளம் தெரியாது.

கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் புரிந்துவிட்டது. பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். யாரும் சாகாத புத்தகமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

கந்தவேல் இருந்திருந்தால் சிரித்திருப்பார். கூட்டம் அவள் வீட்டில் நடக்கும் நாட்களில், வாசலுக்கு நட்டநடுவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். கதை கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்து, "இன்னைக்கு யாருங்க செத்தது?" என்பார்.

அதை நினைத்துப் பார்த்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அடுத்து பிரேமலதா. புதிதாகச் சேர்ந்தவள், சின்னப் பெண். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மற்றவர்கள் பேசிவைத்ததை இவளிடம் சொல்ல மறந்திருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள்.

நீல அட்டை. மூலை மடங்கியிருந்தது.

கலாமணி சட்டென்று நிமிர்ந்தாள். ஜெசிந்தா தண்ணீர்ச் சொம்பை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தாள்.

அது கந்தவேல் வீட்டுப் புத்தகம். அவள் வாங்கி, படித்து, இதே வட்டத்தில் முதலில் சொன்னது. முடிவைச் சொல்லமாட்டேன், நீங்களே படித்துவிட்டு அழுங்கள் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தது. கை மாறிக் கை மாறி பிரேமலதாவிடம் வந்திருக்கிறது. யார் வீட்டிலிருந்து கிளம்பியது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

பிரேமலதா உற்சாகமாகச் சொன்னாள். ஒரு லாரி டிரைவர். அவர் மனைவி. லோடு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார். பேய் மழை. அவள் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறாள்.

அங்கே பிரேமலதாவின் பேச்சு நின்றது.

வலப்பக்கம் உட்கார்ந்திருப்பது கந்தவேலின் மனைவி என்று அப்போதுதான் உறைத்தது. பாவம், முகம் வெளிறிப்போனது.

"லாரி ரிப்பேருங்க்கா," என்றாள். "வழியில நின்னுபோச்சு. வேற ஒண்ணுமில்லீங்க. காலைல வந்துட்டாருங்க."

முடிவைச் சொல்லிவிட்டாள். இந்த இடத்தில் ஜெசிந்தா "பணியாரம்!" என்று கத்த வேண்டும். கத்தவில்லை.

எல்லோரும் படித்த கதை. லாரி எந்தப் பள்ளத்தில் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வந்துட்டாரா?" என்று கேட்டாள் அவள்.

"வந்துட்டாருங்க்கா."

"வந்து?"

பிரேமலதா தவித்துப்போனாள். "வந்து... பசிக்குதுன்னாருங்க. தோசை ஊத்திக் குடுத்தாங்க."

"அதுக்கு முந்தி," என்றாள் கலாமணி. பாயைப் பார்த்தபடி, மெதுவாக. "செருப்பை நட்டநடு வாசல்லயே உட்டுப்போட்டு உள்ள வந்தாரு."

கேட்டவளுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது.

"வந்ததும் கேட்டிருப்பாரே," என்றாள் ஜெசிந்தா. "இன்னைக்கு யாருங்க செத்ததுன்னு."

யாரோ சிரித்தார்கள். அவள்தான்.

சிரிப்பு தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது. வலித்தது. வலிக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிரேமலதா ஒன்றும் விளங்காமல் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வலப்பக்கம் கொடுக்க வேண்டிய நேரம். கொடுத்தால் பொய் வெளிப்பட்டுவிடும் என்ற பயம்.

வலப்பக்கம் இருந்தவளே கை நீட்டி வாங்கினாள். திறக்கவில்லை. மடங்கிய மூலையைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். பையில் இருந்த இரண்டு புத்தகங்களுக்கு மேல் அதையும் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"முடிவைச் சொல்லிப்போட்டியே கண்ணு," என்றாள். "அடுத்த மாசம் பணியாரம் உன்னுதுதான். எனக்கும் சேர்த்துச் சுடு."

பிரேமலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இனிப்பாங்க்கா, காரமாங்க்கா?"

ஏதோ ஒன்று என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"காரம்," என்றாள்.