பெருத்துப்போன ஃபைல்

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். மற்றதெல்லாம் போனால் போகட்டும், என் மனைவியின் கடைசி வீடியோ மட்டும் வேண்டும் என்றேன். அது இருந்த பகுதிதான் கெட்டிருந்தது.

அவள் ஊருக்குக் கிளம்பிய காலையில் நான் கேமராவில் எடுத்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "போயிட்டு வரேன்" என்பாள், கதவைச் சாத்துவாள், அவ்வளவுதான். யாராவது "போறேன்" என்று சொன்னால் சண்டைக்கே போய்விடுவாள். அந்தப் பயணத்தில்தான் விபத்து. இரண்டு வருஷம் ஆகிறது.

மறுநாள் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "கெட்டுப்போன ஃபைல் இளைச்சுதான் வரும் சார். இது பெருத்துல்ல வந்திருக்கு."

போட்டுக் காட்டினார். "போயிட்டு வரேன்" என்றாள். கதவைச் சாத்தினாள். படம் நிற்கவில்லை. சாத்திய கதவே வெகுநேரம் தெரிந்தது. டீ சொல்லவா என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார்.

கதவு திறந்தது. உள்ளே வந்து பையை இறக்கி வைத்தாள். காதோரம் நான் பார்த்திராத நரை. நேராக என்னைப் பார்த்தாள்.

"வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? இன்னுமா கேமராவைப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க? கை வலிக்கல?"