குண்டுத்தலைக்கு இடம் கொடுத்த வளையம்

ஒரு லேத் பட்டறையில் வளையங்களின் துளையைச் சோதிக்கும் கோல் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு தலை. ஒல்லித்தலை துளையில் நுழைய வேண்டும், குண்டுத்தலை நுழையக் கூடாது. குண்டும் நுழைந்துவிட்டால் துளை பெரிதென்று வளையம் காயலான் கடைக்குப் போகும்.

புது வளையத்துக்குள் ஒல்லித்தலை சுகமாகப் போய்வந்தது. குண்டுத்தலை வாசலில் முட்டி நின்றது.

“ஏன்யா, தம்பிக்கு மட்டும்தான் உபசாரமா? நான் ஆகாதவனா?”

வளையத்துக்குக் கூச்சமாகிவிட்டது. “ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்கண்ணே!” என்று மூச்சைப் பிடித்து, நம்பினால் நம்புங்கள், தலைமுடியளவு விரிந்து கொடுத்தது. “இப்ப வாங்க!”

குண்டுத்தலை உள்ளே போய்வந்தது. வளையம் காயலான் மூட்டையில் விழுந்தது.

“பாவம்ணே, நல்ல பையன்,” என்றது ஒல்லி.

“தங்கமான பையன்,” என்றது குண்டு. “அடுத்தவனைக் கூப்பிடு.”