ஆட்டுக் கணக்கு

"ஆரம்பிச்சிட்டான்யா ஆட்டுக்காரன்" என்று தியாகு பல்லைக் கடித்தான்.

சவூதியில் யான்பு. எண்ணெய் ஆலைக்குக் குழாய் பதிக்கிற சைட். டூட்டி முடிந்து கேம்ப் பஸ்ஸில் ஏறும்போது சூப்பர்வைசர் கரெத் வாசலில் நிற்பார். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு தட்டு. அரபியும் இல்லாத, இங்கிலீஷும் இல்லாத ஏதோ ஒரு பாஷையில் எண்ணிக்கொண்டே இருப்பார்.

"அவரு ஊரு வேல்ஸ் பக்கம் ஒரு சின்னக் கிராமம்பா. மலைமேல ஆடு, மலைக்குக் கீழ நிலக்கரி. அங்க ஆட்டை இப்படித்தான் எண்ணுவாங்களாம்" என்று ஃபோர்மேன் சித்தீக் பாய் ஒருநாள் சொல்லிவைத்தார். பட்டப்பெயர் வைக்க அது போதாதா?

தியாகுவுக்கு முதுகுளத்தூர் பக்கம். அங்கேயும் பட்டியில் ஆட்டைத் தட்டித்தான் எண்ணுவார்கள். அதே தட்டு தன் தோளில் விழும்போது அவனுக்கு உடம்பு கூசும்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் லீவு. ஊரில் டெலிபோன் பூத்தில் மனைவி உமாராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் போனுக்காகக் காத்திருப்பாள்.

கரெத் எண்ணி முடித்தார். முகம் மாறியது. பஸ்ஸுக்குள் ஏறி மறுபடி எண்ணினார்.

"ஒரு ஆள் குறையுதாம். மாயாண்டி எங்கப்பா?" என்றார் சித்தீக் பாய்.

யாருக்கும் தெரியவில்லை. தியாகு எழுந்தான்.

"அவன் அப்பவே பிக்கப்ல கேம்ப்புக்குப் போயிட்டான் பாய், நான் பார்த்தேன். யல்லா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

அவன் பார்க்கவில்லை. போயிருப்பான் என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

சித்தீக் பாய் இங்கிலீஷில் சொன்னார். கரெத் டிரைவரிடம் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு குழாய்கள் பக்கம் நடந்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டானா? நாம என்ன ஆடா, மாடா?"

பஸ்ஸே சேர்ந்து முணுமுணுத்தது. உமாராணி வீட்டுக்குத் திரும்பியிருப்பாள் என்று தியாகு வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூரத்தில் விசில் சத்தம். எல்லோரும் ஓடினார்கள்.

பெரிய குழாய்க்குள் மணலைக் கூட்டப் போன மாயாண்டி வெக்கையில் மயங்கி விழுந்திருக்கிறான். கரெத் அவனை வெளியே இழுத்து, மடியில் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

மாயாண்டி மெல்லக் கண்ணைத் திறந்தான்.

"பஸ் போயிடுச்சா?"

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். தியாகுவுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. நாளை லீவு, இந்தப் பக்கம் ஈ காக்காய் வராது. அப்பாடா, பிழைத்தான். தானும் பிழைத்தோம் என்று இருந்தது.

கரெத் பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்து நின்றான்.

"தப்புதான் சார். ஆனா நான் பார்த்தேன்னு சொல்லியும் நீங்க எப்படி நம்பாம போனீங்க? கேளுங்க பாய்."

சித்தீக் பாய் கேட்டார். கரெத் மாயாண்டியின் நெற்றியைத் துடைத்தபடியே பதில் சொன்னார். சித்தீக் பாய் அதைத் தமிழில் சொன்னார்.

"அவங்க ஊர்ல ஆட்டைத்தான் எண்ணுவாங்களாம்பா, ஆளை எண்ண மாட்டாங்களாம். ஒருநாள் சுரங்கத்துக்குள்ள போன இவங்க அப்பா மேல வரலை. 'அவரு அப்பவே வீட்டுக்குப் போயிட்டாரு, நான் பார்த்தேன்'னு யாரோ சொன்னதை நம்பி, கேட்டைப் பூட்டிட்டாங்களாம்."