பெயர் கேட்காத இடம்

"இந்தச் சுனாபட்டிச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லி அனுப்பிரு. இன்னிக்கே."

பிரம்மநாயகம் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். கோயிலிலிருந்து சேதி கொண்டுவந்த மனைவி விசாலாக்ஷி, கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வரச் சொல்லியாச்சு. இப்பப் போய்..."

"யாரை வரச் சொன்னோம்? பாங்க் ஆபீசரை. அவன்தான் வேலையை விட்டுட்டு தாராவியில தோல் பை தைக்கிற பட்டறை போட்டிருக்கான்னு நீயே சொல்லுதியே! தோலு! மாப்பிள்ளை என்ன பண்ணுதாருன்னு மாதுங்கா மார்க்கெட்ல எவனாவது கேட்டா, நான் என்னத்தைச் சொல்ல?"

"காசிம்னு ஒருத்தர் கூட்டாளியாம். வெளிநாட்டு ஆர்டரெல்லாம் வருதாம்."

"நீ என்ன, அவனுக்கு வக்கீலா?"

"பையன் தங்கமானவன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அவன் போட்டோவையாவது நீங்க ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

"மூஞ்சியைப் பார்த்து என்ன செய்ய? குடும்பம் பார்த்தேன், உத்தியோகம் பார்த்தேன். அதுல ஒண்ணு போச்சு. பேச்சு முடிஞ்சுது."

அந்தப் போட்டோ இப்போது மகள் விஜயலக்ஷ்மியின் மேஜையில் இருந்தது. செம்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கும் அவள், சமையலறையில் காபிப் பொடிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கப்பல் கம்பெனியில் சரக்குப் பிரிவு மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பிரம்மநாயகம், ஞாயிறுதோறும் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் போய் உட்காருவார். மில்கள் மூடிய பிறகு, சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் அங்கே வருவார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் இலவசமாக யோசனை சொல்வார்கள். வருகிறவனிடம் பெயரும் ஊரும் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. கேட்டால் நம்மவர்கள் அடுத்ததாகச் சாதியைக் கேட்பார்கள், அப்புறம் யோசனையும் அதற்குத் தக்கபடி மாறும் என்று வாதாடி, அந்த விதியைக் கொண்டுவந்தவரே பிரம்மநாயகம்தான்.

செருப்பை மாட்டும்போது வாசல் மணி அடித்தது. ஒல்லியாக ஓர் இளைஞன் நின்றான்.

"அட, நீயா! வா, வா. ஹாலுக்குத்தான் கிளம்புதேன். வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"விசாரிச்சேன் சார். அங்க எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது. அதான் இங்க வந்தேன்."

"உட்காரு. வேலையை விட்டுட்டு ஏற்றுமதித் தொழில்ல இறங்கட்டுமான்னு கேட்டுட்டுப் போனியே, என்ன ஆச்சு?"

"விட்டுட்டேன் சார். நீங்க சொன்ன மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன்."

"சபாஷ்! இப்படிப் பத்துப் பேர் இருந்தாப் போதும்."

தண்ணீர் கொண்டுவந்த விசாலாக்ஷி, இளைஞனின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். டம்ளர் தளும்பிப் புடவையில் கொட்டியது.

"என்னங்க..."

"பேசிட்டிருக்கோம்ல, இரு."

"இல்லீங்க, இந்தத் தம்பி..."

"விசாலம்! குறுக்கே வராதே. நீ சொல்லுப்பா."

இளைஞன் தண்ணீரைக் குடித்து முடித்தான். "பயந்த மாதிரியே ஆயிருச்சு சார். நான் வேலையை விட்டது பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. நிறுத்திருவாங்க போல. பொண்ணோட அப்பா முரண்டு பிடிச்சா என்கிட்ட வா, நானே பேசுதேன்னு அன்னிக்குச் சொன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்லுதேன்."

"அவர் ரொம்பக் கௌரவம் பார்க்கிறவராம் சார்."

"என்ன பெரிய கௌரவம்? சொந்தக் கையால பிழைக்கிறவனுக்கு இல்லாத கௌரவம் வேற எவனுக்கு இருக்கு? உத்தியோகம்தான் வேணும்னா, பொண்ணை ஆபீஸ் நாற்காலிக்குக் கட்டி வைக்கச் சொல்லு அந்த ஆளை!"

"இதையே சித்த முன்னாடி நீங்க..." என்று விசாலாக்ஷி ஆரம்பித்தாள்.

"அது வேற, இது வேற. நீ குடையை எடு."

"நிஜமா வந்து பேசுவீங்களா சார்? பக்கா?"

பிரம்மநாயகம் நிமிர்ந்து நின்றார். "எங்க குடும்பத்துல குடுத்த வாக்கை மாத்தினவன் ஒருத்தன் கிடையாது. அந்த ஆள் எங்க இருக்கான்? சயானா, கல்யாணா? டாக்ஸியைக் கூப்பிடு. இப்பவே போவோம்."

இளைஞனும் எழுந்து நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டான்.

"டாக்ஸி வேண்டாம் சார். வீட்டுக்கு வந்தாச்சு. என் பேரு கோமதிநாயகம். சுனாபட்டி."

விசாலாக்ஷி குடையை நீட்டியபடியே நின்றாள். பிரம்மநாயகம் அதை வாங்கவில்லை. மாட்டிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"வெள்ளிக்கிழமை..." என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "ராகுகாலத்துக்கு முன்னாடியே வந்திரச் சொல்லு, உங்க அப்பாவை."

விஜயலக்ஷ்மி காபியோடு வந்தாள். அந்த வீட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்திருந்த கோமதிநாயகத்திடம் ஒரு டம்ளரை நீட்டினாள்.

"உங்களுக்குச் சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்," என்றாள். "ஹாலுக்குப் போய் முதல்ல ஒரு வாக்கை வாங்கிடுங்க, அப்புறம் அப்பா மாறவே மாட்டார்னு நான் சொன்னது சரியாப் போச்சா?"