நீ போப்பா!

“நீ போப்பா... நீ போ!”

ஜீப்ரா கிராசிங் ஓரத்தில் நின்றபடி அந்த அக்கா கையை ஆட்டினார்.

நான் போகவில்லை. பிரேக்கில் வைத்த காலை எடுக்கவும் இல்லை.

பின்னால் ஸ்கூட்டர்காரர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். பக்கத்தில் தேர்வு அதிகாரி வாயே திறக்காமல் பேனாவைத் தயாராக வைத்திருந்தார்.

தைவானில் எங்கள் சியாயி ஊர்ப் பழக்கம் இது. நடக்கிறவர்தான் கார்க்காரருக்கு வழி விடுவார். போன தடவையும் இதே அக்கா இப்படித்தான் கை காட்டினார். நானும் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஆள் கடக்க நிற்கும்போது எடுத்தால் அங்கேயே ஃபெயில். மரியாதை காட்டிக் கவிழ்ந்தேன்.

பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டாச்சு. “இன்னிக்கு லைசென்ஸோட வந்தா வேன் சாவி உனக்கு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று டோஃபு கடை முதலாளி சொல்லியிருந்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜுவாங் மாஸ்டர் என்னைத் திட்டாத திட்டு இல்லை.

“அந்தம்மா கை காட்டினா என்ன, கால்ல விழுந்தா என்ன? அவங்க அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் நீ கல்லுடா, கல்லு! இது பரீட்சைக்கு இல்லடா மண்டு, உயிருக்கு!”

அவர் காரின் பின்பக்கத்திலேயே பெரிதாக ஒட்டியிருப்பார்: ‘நடப்பவருக்கே முதல் வழி.’

இன்றைக்குக் கண்ணாடியை இறக்கினேன்.

“அக்கா! நீங்க போகாம நான் போனா மறுபடி ஃபெயிலு! தயவு பண்ணி நடங்க!”

“அட, பரீட்சையா? மொதல்லயே சொல்ல வேண்டாமா!”

வெங்காயத்தாள் எட்டிப் பார்த்த பையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

“ஓடாதீங்க! மெதுவா!”

நின்றார். சிரித்தார். அப்புறம் சாமி ஊர்வலம் போகிற மாதிரி நிமிர்ந்து நடந்தார். ஹாரன்கள்கூட அடங்கிவிட்டன.

மீதித் தூரத்தையும் ஓட்டி முடித்தேன்.

“பாஸ்” என்றார் அதிகாரி. அவர் பேசிய முதல் வார்த்தை.

மாஸ்டர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். “சிங்கம்டா நீ! வா, வான்கோழிச் சோறு என் செலவு. என் காரை நீயே ஓட்டு. சீக்கிரம், கடையில தீந்துடும்!”

லைசென்ஸ் சட்டைப்பையில். அதே ரோடு. அதே ஜீப்ரா கிராசிங். அதே அக்கா எதிர்ப்பக்கத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார். கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடப் பெண்.

ஸ்டியரிங்கில் நான் இருப்பதை அக்கா பார்த்தார். இந்தத் தடவை கை காட்டவில்லை. நேராக வெள்ளைக் கோட்டில் காலை வைத்தார்.

நான் நிறுத்தினேன்.

“எதுக்குடா நிறுத்தறே?”

“அக்கா வர்றாங்க, மாஸ்டர்.”

“அதான் லைசென்ஸ் வாங்கியாச்சே! இனிமே எவன் பாக்கப் போறான்? அவ நடுவுல வர்றதுக்குள்ள வளைச்சு எடு!”

சைக்கிள் பெண்ணும் அக்காவுக்குப் பின்னாலேயே இறங்கிவிட்டாள்.

“எடுடா!”

நான் எடுக்கவில்லை.