மடியில் வைத்த பை

பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லோரும் பையைத்தான் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா பாக்கியரத்தினம் வெருகலில் வாகனத்தில் ஏறியதிலிருந்து அந்தப் புடவைக்கடைப் பையை மடியை விட்டு இறக்கவில்லை. உப்புவெளிக்கு வந்து கதிரையில் இருந்த பிறகும் அப்படித்தான்.

“தாங்கோ, மேசையில வைக்கிறன்,” என்று பெண்ணின் அப்பா தங்கத்துரை கையை நீட்டினார்.

“வேண்டாம், வேண்டாம்!”

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தங்கத்துரையின் மனைவி இலட்சுமிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. “நகையாத்தான் இருக்கும். அதுதான் விடுறாரில்லை.”

மாப்பிள்ளை விதுசன் மட்டும் நிலத்தைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தான்.

பெண் லோஜனா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தட்டை நீட்டக் குனிந்தவள், மடியிலிருந்த பையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். தட்டைத் தகப்பனிடம் கொடுத்தாள். பாக்கியரத்தினத்தின் காதுக்குள் ஏதோ சொன்னாள். அவர் வாயைத் திறக்குமுன் பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டாள்!

பாக்கியரத்தினத்தோடு வந்திருந்த தங்கச்சி தவமலருக்குக் கோபம் ஏறிவிட்டது.

“பெரிய மனிசன்ட பையைப் பறிச்சுக் காலடியில வைக்கிறாளே! நேர்ஸ் எண்டால் எல்லாரும் இவவின்ர நோயாளியோ? எழும்புங்கோ அண்ணா, இந்தச் சம்பந்தம் சரிவராது.”

“உனக்கென்ன விசரே பிள்ளை? ஏன் அப்பிடிச் செய்தனி?” இலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போன வீடு.

லோஜனாவுக்கு விதுசனைப் படத்தில் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பாக்கியரத்தினம் எழும்பவில்லை.

“சத்தம் போடாத தவமலர். இந்தப் பிள்ளைதான் என்ர மருமகள். தங்கத்துரை அண்ணை, நல்ல நாள் பாருங்கோ.”

தவமலருக்கு வாய் சும்மா இருக்க ஏலாது. “அப்பிடி என்னதான் அண்ணா காதுக்குள்ள சொன்னவள்?”

“அது எனக்கும் என்ர மருமகளுக்கும் உள்ள கதை,” என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணியை எடுத்தார்.

லோஜனா சொன்னது இவ்வளவுதான்:

“மாமா, இதுக்குள்ள இருக்கிற யூரின் பையை மடியில வச்சிருந்தால் எல்லாம் திரும்பி உள்ளுக்குப் போய்க் காய்ச்சல் வந்திடும். குழாய் வெளியில தெரியாமல் நான் கீழ வச்சுவிடுறன். ஆர் என்ன ஏசினாலும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”